யாரும் தொடாத கோழி

சஹன் என்ற பெரிய கூட்டுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆறு மாணவர்களும் சோற்றை முடித்துவிட்டார்கள். தட்டின் நடுவில் பொரித்த கோழி அப்படியே இருந்தது. பக்கத்திலிருந்த இரண்டு சஹன்களிலும் அதே கதைதான்.

மஃறூப் ஹஸ்ரத்துக்குப் பிடிபடவில்லை. தலவாக்கலை மத்ரஸாவில் தங்கிப் படிக்கும் இந்தப் பதினெட்டுப் பேருக்கும் நல்லொழுக்கம் கற்பிப்பது அவர் வேலை. போன மாதம் நிர்வாகத் தலைவரான ஹாஜியாரின் கண் முன்னாலேயே இரண்டு பேர் ஒரு கோழிக்காலை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள்.

"ஒரு மாசம் தாறேன் ஹஸ்ரத். புள்ளைகள்ட குணம் மாறல்லன்னா நீங்க வேற எடம் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார் ஹாஜியார்.

இன்றோடு ஒரு மாதம்; ஹாஜியார் மறுபடி பார்க்க வருகிற நாள். வரத் தாமதமாகும், பிள்ளைகளைக் காக்க வைக்க வேண்டாம் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

"ஏன் ஒருத்தரும் எடுக்கல்ல?" என்று ஹஸ்ரத் கேட்டார்.

"தம்பிமார் எடுக்கட்டும் ஹஸ்ரத்" என்றான் மூத்தவன் அஸ்கர்.

"மூத்த நானாமார் இருக்கக்குள்ள நான் எப்பிடி?" என்றான் அன்று சமையலறையில் உதவிக்கு நின்ற இளையவன் சிப்னாஸ். "நீங்க எடுங்க ஹஸ்ரத்."

"நான் நோன்பு. இண்டைக்கு வியாழக்கிழமை, நான் வழமையா நோன்பு பிடிக்கிற நாள்."

பிறருக்கு முதலில் கொடு என்று ஒரு மாதமாகப் படித்துக் கொடுத்தவர் அவர்தான். ஆனால் ஹாஜியார் வந்து இதைப் பார்த்தால், தேயிலைத் தோட்டத்தில் போல இங்கேயும் வேலைநிறுத்தம் என்று நினைப்பார்.

ஹஸ்ரத் கோழியை ஆறு துண்டாக்கி ஆளுக்கொன்று வைத்தார். ஒவ்வொருவனும் தன் துண்டைப் பக்கத்திலிருப்பவன் முன் நகர்த்தினான். துண்டுகள் ஒரு சுற்றுப் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே வந்தன.

"திங்கிறவனுக்குப் பத்துப் புள்ளி" என்றார் ஹஸ்ரத்.

"புள்ளிக்காகத் திண்டா அது நல்ல குணமா ஹஸ்ரத்?" என்றான் அஸ்கர்.

அதற்குள் வாசலில் வாகனம் நின்றது.

உள்ளே வந்த ஹாஜியார், தொடப்படாத கோழியைப் பார்த்தார். மாணவர்களைப் பார்த்தார். சஹனின் முன் உட்கார்ந்தார். ஆறு துண்டுகளும் அவர் பக்கம் வந்து சேர்ந்தன. முதல் வாயிலேயே அவர் கண் கலங்கியது. ஒரு துண்டை எப்படியோ முடித்து, நாலு கோப்பைத் தண்ணீர் குடித்தார்.

"நீங்க இங்கயே இருங்க ஹஸ்ரத்" என்றார். இன்னொரு கோப்பைத் தண்ணீரையும் குடித்துவிட்டு வாகனத்தில் ஏறிப் போய்விட்டார்.

ஹஸ்ரத்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மாணவர்கள் முன் உட்கார்ந்தார்.

"உண்மையச் சொல்லுங்க. நான் படிச்சுத் தந்த எந்தப் பாடம் உங்கள இப்பிடி மாத்திச்சு?"

சிப்னாஸ் எழுந்து நின்றான்.

"சாப்பாட்டக் குறை சொல்லப்படாதுன்னு ஒரு பாடம் தந்தீங்களே, அது ஹஸ்ரத்."