புலிக்கு முன்னால் ஒரு பேரம்

‘காரை விட்டு இறங்கக் கூடாது’ என்று போர்டு எழுதி வைத்தாரே ஒரு புண்ணியவான், எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. யூசுப்பின் ஞாயிற்றுக்கிழமையைப் பறித்தவர் அவரே.

முகம்மது யூசுப்புக்குச் சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட்டில் சூட்கேஸ் கடை. சரக்கு வாங்கும்போது விலை படியாவிட்டால் சட்டென்று எழுந்து நடந்துவிடுவார். வாசலைத் தாண்டுமுன் மொத்த வியாபாரி கூப்பிட்டுவிடுவான். விற்கும்போது, யாரும் கொடுக்க முடியாத விலையை முதலில் சொல்லி, பெருமூச்சு விட்டு, தான் நினைத்த விலைக்கு இறங்குவார். வந்தவன் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் போவான். பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல, அடிபட்டுப் படித்தது.

மனைவி பதுருன்னிசாவுக்கு வேறு பைத்தியம். போகிற இடத்திலெல்லாம் மெஷினில் செம்புச் சல்லியைப் போட்டுக் கைப்பிடியைச் சுற்றுவாள். சல்லி நசுங்கி, படம் பதிந்த தகடாக விழும். “காசைக் கொல்ல கூலி வேற குடுக்கணுமா?” என்று யூசுப் குதிப்பார்.

கல்யாண நாளுக்குப் பாலம் தாண்டி மலேசியாவின் ஜொகூரில் காரிலேயே சுற்றிப் பார்க்கும் விலங்குப் பூங்காவுக்குப் போகலாம் என்றாள். கடையைத் தம்பியிடம் விட்டுக் கிளம்பினார். கிளம்புமுன், அவள் சேர்த்த பழைய செம்புச் சல்லிகள் கிடந்த மிலோ டின்னைக் கடைக்குக் கொண்டுபோய்ப் பீரோவில் பூட்டிவிட்டார்.

கார் ஓட்டியது அவள்தான். இவர் தேர்வு அதிகாரியிடமே மார்க்குக்குப் பேரம் பேசி, லைசென்ஸ் கிடைக்காமல் போனவர்.

புலிகள் இருக்கும் பகுதிக்குள் நுழைந்ததும் பின்னால் கேட் மூடிக்கொண்டது.

“மச்சான், மிலோ டின்னைக் காணோம்.”

“எலி இழுத்துட்டுப் போயிருக்கும்.”

“கடை பீரோவுக்கா?”

யூசுப் புலியைப் பார்ப்பதில் மும்முரமானார்.

“புலி போட்ட தகடு இங்கதான் கெடைக்கும். உங்க சட்டப் பையில ஒரு சல்லி இருக்குல்ல, அதக் குடுங்க.”

அவர் பையைப் பொத்திக்கொண்டார். கடை திறந்த அன்று விழுந்த முதல் போணிக் காசு அது. தினமும் கல்லாவில் ஒற்றி எடுத்த பிறகுதான் வியாபாரம். அது நசுங்கினால் கடையே நசுங்கின மாதிரி.

“அத மட்டும் கேக்காத, பதுரு.”

“கேட்டுட்டேன்.” காரை நிறுத்தினாள்.

பழக்க தோஷம். அவர் கை கதவுப் பிடிக்குப் போனது.

“எறங்குங்க. அதுவும் சும்மாதான் படுத்திருக்கு.”

புலி எழுந்து வந்து கதவை மோந்து பார்த்தது. யூசுப்பின் கை மடிக்குத் திரும்பியது. பின்னால் ஹார்ன் சத்தம்.

“வண்டிய எடு புள்ள.”

“போணிக் காசு.”

“வேற எதுனாலும் கேளு, தரேன்.”

அவள் பெருமூச்சு விட்டாள். “வேற என்னத்தக் கேக்க. மாசத்துல ஒரு ஞாயிறு கடைய மூடிட்டு என்கூட வெளிய வாங்க.”

“ஞாயித்துக்கிழமையா? துவாஸ்லேர்ந்து பஸ் பஸ்ஸா கம்பெனி ஆளுங்க வந்து, ஊருக்குப் போக பொட்டி வாங்குற நாளு.”

“அப்ப போணி.”

“ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ லா.”

“அதுகிட்ட பேசிக்குங்க.” கண்ணாடி இறக்கும் பொத்தானில் விரலை வைத்தாள். புலி கொட்டாவி விட்டது. உள்நாக்கு வரை தெரிந்தது.

“சரி, சரி. மாசத்துக்கு ஒன்னு. அல்லாஹ் மேல சத்தியம்.”

கார் நகர்ந்தது. யூசுப் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். காசு பத்திரம். ஜெயித்துவிட்ட சந்தோஷம்.

வெளி வாசலில் மெஷின். பதுருன்னிசா கைப்பையிலிருந்து சுருக்குப் பை ஒன்றை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே செம்புச் சல்லிகள்.

“இது ஏது?”

“தோ பாயோவுல இருக்குற அக்கா குடுத்துச்சு. போன வாரமே.”

“பின்ன எதுக்குப் போணிக் காசக் கேட்ட?”

“குடுக்க முடியாத வெலைய மொதல்ல சொல்லணும்னு தெனம் சொல்றது யாரு?” என்று கைப்பிடியைச் சுற்றினாள்.

போர்டு வைத்தவரே, போர்டும் இருக்கட்டும், புலியும் இருக்கட்டும். பேரம் படியாத புருஷன் எழுந்து நடக்க, காருக்குப் பக்கத்தில் ஒரு கம்பிக் கூண்டுப் பாதை மட்டும் போட்டுக் கொடுத்துவிடுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள். அன்றைக்குச் சிங்கத்துப் பக்கம் போகிறார்களாம்.