ஓட வைக்கப் போனவன்

பயந்தாங்கொள்ளியிடம் போய், பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லச் சொல்லக் கூடாது. என் மகள் ஜெனியின் பள்ளி அந்தத் தப்பைச் செய்தது.

விவேக் நகரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி. இரண்டாம் வகுப்புக்கு 'இதய நல வாரம்' நடந்தது. பெற்றோரில் ஒருவர் வந்து பேச வேண்டும். "சிம்பிளா போதும் சார். ஓடணும், ஆடணும், சிப்ஸ் கம்மி பண்ணணும், அவ்ளோதான்" என்றார் கிளாஸ் மிஸ். நான் முந்திக்கொண்டு கை தூக்கினேன். என் தம்பி ஸ்டீபன் மாரடைப்பில் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. (அதிலிருந்து நான் பார்க்காத இதய வீடியோ கிடையாது. பாதி டாக்டர் ஆகியிருந்தேன், உதவாத பாதி.)

பிள்ளைகளைக் கையை மூடி மூடித் திறக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில், "அங்கிள், வலிக்குது!" என்று ஒரே கூச்சல்.

"பாத்தீங்களா? உங்க ஹார்ட்டும் இப்படித்தான். ராத்திரி பகல் ரெஸ்டே கிடையாது."

"ரெஸ்ட் எடுத்தா என்னாகும் அங்கிள்?" என்றாள் முன் வரிசைச் சிறுமி ஒருத்தி.

பதில் எனக்குத் தெரியும். அதுதான் சிக்கல். வாயைத் திறந்தேன், அழுகை வந்தது. கண் கலங்கினேன் என்று கௌரவமாகச் சொல்ல முடியாது. விக்கி விக்கி அழுதேன். ஜெனி எழுந்து வகுப்புக்கு விளக்கினாள்:

"எங்க சித்தப்பா ஹார்ட் ரெஸ்ட் எடுத்துடுச்சு. அதான் செத்துட்டாரு."

மிஸ் அவசரமாக எல்லோரையும் மைதானத்துக்குக் கூட்டிப் போனார். பி.டி. சார் விசில் ஊதினார். ஒரு பிள்ளையும் ஓடவில்லை. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஏளி, ஏளி! எந்திரிங்க! ஏன் எல்லாம் குந்திட்டீங்க?" என்று கன்னடமும் தமிழுமாகக் கத்தினார்.

"ஓடினா அது டயர்ட் ஆயிடும் சார். அப்புறம் ரெஸ்ட் எடுத்துடும்."

வீட்டில் இதைக் கேட்டு என் மனைவி மேரி தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஓட வெச்சிட்டு வாங்கன்னு அனுப்புனா, ஒப்பாரி வெச்சிட்டு வந்திருக்கீங்களே!"

மற்ற பிள்ளைகள் மறுநாளே மறந்துவிட்டு ஓடினார்கள். ஜெனி மட்டும் ஓடவில்லை. படிகளைக்கூட நின்று நின்று ஏறினாள். விளையாட்டு நேரத்தில் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கடைசியில் மிஸ் என்னையே கூப்பிட்டார். "நீங்களே ஒரு ரவுண்ட் ஓடிக் காட்டுங்க சார். ஒண்ணும் ஆகாதுன்னு பாக்கட்டும்."

ஆபீஸ் பேன்ட், அதற்கு மேல் தொப்பை, அதற்கும் மேல் ஸ்டீபனைவிட வயதான ஒரு நெஞ்சு. மூன்றையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். பாதியிலேயே மூச்சு இரைத்தது. பின்னால் குட்டிக் காலடிச் சத்தம் கேட்டது. ஜெனி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாருங்க, பயம் போயிடுச்சு!" என்று மிஸ் கைதட்டினார்.

ஜெனி மிஸ்ஸைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்தபடி ஓடினாள். "அப்பா, வலிக்குதா? இப்போ? இப்போப்பா?"

இன்றைக்கும் நான் பால் வாங்கக் கிளம்பினால், "ஜெனி, அப்பா ரவுண்டு அடிக்கப் போறாராம், துணைக்குப் போடி" என்பாள் மேரி. சொல்லிவிட்டுச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

ஜெனி சிரிக்க மாட்டாள். ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள்.