செத்த பெட்டியை எழுப்பிய குற்றம்

மனித குலம் இதுவரை செய்த சாதனைகளில் தலையாயது, தூக்கிப் போட வேண்டியதைத் தூக்கிப் போடாமல் இருந்ததுதான். நெருப்பு, சக்கரம் எல்லாம் அதற்கு அப்புறம். இந்தப் பேருண்மையை மூன்று நாள் பயிற்சி முகாமில், மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட்டுக் கற்றுத் தேர்ந்து திரும்பினார் எடை அளவு முத்திரை அலுவலகத்தின் இயக்குநர். வந்ததும் வராததுமாக அவர் கண்ணில் பட்டது, ஸ்டோர் ரூம் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்த ஒரு சிவப்புப் பெட்டி.

அது ஒரு ஃபயர்வால். அலுவலகக் கணினிகளுக்குள் வெளியாள் புகுந்துவிடாமல் ஏழு வருடம் காவல் காத்து, ஓய்வு பெற்ற பின் கதவைக் காத்துக்கொண்டிருந்தது.

“சிஸ்டம்!” என்று குரல் கொடுத்தார் இயக்குநர். கணினிகளைப் பழுது பார்க்கும் ஒப்பந்த ஊழியருக்கு அங்கே அதுதான் பெயர். வருடா வருடம் வேலை நீட்டிப்புக்குக் கை கட்டி நின்றே அவருக்குப் பதினோரு வருடம் ஓடிவிட்டது. இந்த வருடத்துக் கெடு, வரும் வெள்ளிக்கிழமை மாலையோடு முடிகிறது.

“இனிமே நம்ம கோப்பெல்லாம் வைக்கிற சர்வர் இதுதான். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள உயிர் வந்து பூட் ஆகணும். ஆச்சுன்னா உன் நீட்டிப்பு ஃபைல்ல கையெழுத்து.”

“ஆகலேன்னா சார்?”

“பெட்டி மறுபடியும் கதவுக்குப் பக்கத்துல. நீ கதவுக்கு வெளியில.”

பெட்டிக்குத் திரை கிடையாது. அதனோடு பேச, பின்பக்கத்தில் ஒரு கேபிளைச் செருகி மடிக்கணினியில் படிக்க வேண்டும். சிஸ்டம் செருகினார். கட்டங்களும் கேள்விக்குறிகளுமாகக் கொட்டியது. கண்காணிப்பாளர் மேடம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“தம்பி, இது என்ன பாஷை?”

“பாஷை இல்ல மேடம். அது பேசுற வேகமும் நாம கேக்குற வேகமும் பொருந்தல.”

“எங்க வீட்லயும் இதே தொந்தரவுதான்” என்றார் மேடம். ஆனாலும் கடமை தவறாதவர், கையோடு ‘மொழிபெயர்ப்புத் துணைக்குழு’ ஒன்றை அமைத்துவிட்டார். குழு கூடுவதற்குள் சிஸ்டம் வேகத்தை மாற்றிவிட, எழுத்து தெளிந்துவிட்டது. அதற்காகக் குழுவைக் கலைத்துவிட முடியுமா? அது இன்றும் ‘செவ்வனே’ இயங்குகிறது.

எழுத்து தெளிந்ததும் வியாதி தெரிந்தது. தன்னைத் தயாரித்த கம்பெனியின் நிரலைத் தவிர வேறெதையும் அந்தப் பெட்டி உள்ளே விடாதாம். அப்படி ஒரு பிறந்த வீட்டுப் பாசம். கரண்ட் வந்ததும் ‘நீ யார், என்ன செய்ய வேண்டும்’ என்று பெட்டிக்கு நினைவூட்டுகிற ஃபர்ம்வேர், எட்டுக் கால் பூச்சி மாதிரி ஒரு சிப்புக்குள் குடியிருந்தது. அதை அழித்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும். ஃபிளாஷ் செய்வது என்று அதற்குப் பெயர். பாதியில் கரண்ட் போனால் பெட்டி செங்கல்.

ஆகவே புதன்கிழமையே முதல் காரியமாகப் பழைய ஃபர்ம்வேருக்கு ஒரு நகல் எடுத்தார். அடுத்த நிமிடம் மேடம் சுற்றறிக்கையோடு வந்து நின்றார். ‘நகல்கள் யாவும் அலுவலகத்தின் ஆகப் பாதுகாப்பான சாதனத்தில் மட்டுமே வைக்கப்பட வேண்டும். பிற இடங்களில் வைத்தல் ஒழுங்கீனம்.’

“ஆகப் பாதுகாப்பானது எது தம்பி?”

“ஃபயர்வால்தான் மேடம்.”

“அப்ப அதுக்குள்ளேயே வை.”

“மேடம், பெட்டிக்கு ஏதாவது ஆனா எடுக்கத்தானே நகல்? அதைப் பெட்டிக்குள்ளேயே வச்சா...”

“அப்பதான் யாரும் திருட முடியாது. பூட்டுக்குள்ளேயே சாவியை வச்சிட்டா எந்தத் திருடன் வருவான் சொல்லு!”

பெட்டியின் மின்சுற்றுப் பலகையோடு பற்றவைத்த, கழற்ற முடியாத நினைவகத்துக்குள் நகல் போய் அடங்கியது. மூவர் சாட்சிக் கையெழுத்திட்டனர்.

வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிதோறும் மதியம் சரியாக ஒரு மணிக்கு ‘ஒரு நிமிட மின்சிக்கனம்’ அந்த அலுவலகத்தின் தனிச்சிறப்பு. இயக்குநரே தமது திருக்கரத்தால் மெயின் ஸ்விட்சை இறக்குவார். கரண்ட் போனால் கை கொடுக்கும் யூ.பி.எஸ்.ஸும் சேர்ந்தே அணையும், ஒழுக்கத்துக்குக் கொல்லைப்புற வழி கிடையாது பாருங்கள். இந்த வாரம் மட்டும் விலக்கு கேட்டு வியாழனன்றே சிஸ்டம் எழுதிக் கொடுத்திருந்தார். கடிதம் ‘பரிசீலனையில்’ இருந்தது. ஃபிளாஷ் செய்யும் அனுமதிக் கோப்போ பன்னிரண்டே முக்காலுக்குத்தான் கைக்கு வந்தது, ‘ஒரு மணிக்குள் தொடங்காவிட்டால் அனுமதி ரத்து’ என்ற குறிப்போடு. சிஸ்டம் உடனே தொடங்கினார்.

அறுபது சதவீதம். அறுபத்தொன்று. மணி ஒன்று.

“சார்! சார்! ஒரு நிமிஷம்!” என்று சிஸ்டம் தாழ்வாரத்தில் ஓடினார்.

“அதேதான்பா, ஒரே நிமிஷம்தான்” என்று புன்னகைத்தபடி இயக்குநர் ஸ்விட்சை இறக்கினார்.

கரண்ட் திரும்பி வந்தது. பெட்டியின் காற்றாடி சுற்றியது. அவ்வளவுதான். பீப் இல்லை, விளக்கு இல்லை, கேபிள் வழியே ஓர் எழுத்து இல்லை. அவசர விசாரணைக் குழு இருபது நிமிடத்தில் உண்மையைக் கண்டறிந்தது: ‘எதிர்பாராத மின்தடை.’

நாலு மணிக்கு இன்னும் இரண்டரை மணி நேரம். சிஸ்டம் மூடியைக் கழற்றி, சிப்பின் எட்டுக் கால்களையும் ஒரு கிளிப்பால் கவ்விப் பிடித்தார். இப்படி நேரடியாக எழுதிவிடலாம். அதற்கு மடிக்கணினியின் பாட்டரியே போதும், அதை இறக்க எந்த இயக்குநரிடமும் ஸ்விட்ச் இல்லை. ஆனால் அந்தப் பெட்டிக்கே உரிய அங்க அடையாளங்கள் பழைய நகலில்தான் இருந்தன. அவை இல்லாமல் எழுதினால் பெட்டி தன்னைத் தானே தெரியாமல் முழிக்கும். நகலோ செத்த பெட்டியின் வயிற்றுக்குள்.

அவர் கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டு வீட்டுக்குப் போன் செய்தார்.

“புதன்கிழமை உங்கிட்ட ஒரு பென் டிரைவ் குடுத்தேனே?”

“பித்தான் டப்பாவுல இருக்கு. ஏங்க, தொட்டா வேலை போயிடும்னு சொன்னீங்க?”

“தொடலேன்னாலும் போயிடும்.”

“அப்ப தொட்டுட்டே போகட்டும். வரேன் இருங்க.”

மூன்றேகாலுக்கு வாசல் கேட்டில், சட்டைப் பித்தான்களுக்கு நடுவிலிருந்து பென் டிரைவைப் பொறுக்கிக் கொடுத்தார் மனைவி. “பொண்டாட்டியோட பித்தான் டப்பாவுல வைக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கையில எழுதியிருக்கா?”

“அப்படி எழுதல.”

“அப்புறம் என்ன, போங்க. நிதானமா பண்ணுங்க.”

ஒரு தடவை கிளிப் நழுவியது. மறுபடி கவ்வினார். மூன்று ஐம்பத்திரண்டுக்குப் பெட்டி ‘பீப்’ என்றது. மடிக்கணினித் திரையில் வரிகள் அருவியாய் இறங்கின. பூட்!

அலுவலகமே கை தட்டியது. இயக்குநர் நாற்காலியிலிருந்து எழுந்து, இது விசாரணைக் குழு, மின்சிக்கனக் குழு, மொழிபெயர்ப்புத் துணைக்குழு ஆகியவற்றின் கூட்டு வெற்றி என்று ஆறு நிமிடம் உரையாற்றினார். பிறகு நீட்டிப்புக் கோப்பைத் திறந்தார். பேனா மூடியும் கழன்றது.

“சார், ஒரு சின்ன சந்தேகம்” என்றார் மேடம். “நகல் பெட்டிக்குள்ள இருந்துச்சு. பெட்டி செத்துப் போச்சு. அப்ப இது எந்த நகல்?”

பேனா அந்தரத்தில் நின்றது.

“வீட்ல ஒண்ணு வச்சிருந்தேன் சார்” என்றார் சிஸ்டம்.

அதன் பின் நடந்தது நிர்வாக வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கத் தக்கது. விதிக்குப் புறம்பான நகலால் எழுந்த பெட்டி, விதிக்குப் புறம்பான பெட்டி. அது ஓடும் ஒவ்வொரு நொடியும் ஒழுங்கீனம். எனவே அதை ‘விதிக்கு உட்பட்ட முந்தைய நிலைக்கு’, அதாவது செத்த நிலைக்கு, முறைப்படி கொண்டுசெல்ல வேண்டும் என்று முடிவாயிற்று.

“யார் செய்யறது?” என்றார் இயக்குநர்.

“ஃபிளாஷ் பண்ணத் தெரிஞ்ச ஆள்தான் சார் செய்யணும்” என்றார் மேடம். “இங்க இவர் ஒருத்தருக்குத்தான் தெரியும்.”

இயக்குநர் பெருமூச்சு விட்டார். பெட்டியை எழுப்பியதற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோவில் கையெழுத்திட்டார். அதைச் சாகடிக்கும் பணிக்காக ஓராண்டு நீட்டிப்பிலும் கையெழுத்திட்டார்.

சிஸ்டம் நீட்டிப்பு ஆணையை வாங்கி, முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். பிறகு பணிவோடு சொன்னார்:

“போன தடவை அதைச் சாகடிச்சவருக்கு ஃபிளாஷ் பண்ணவே தெரியாது சார்.”