பொலித்தீனுக்குக் கீழே நவதானியம்

அகதியாக வந்த ஊரில் எதிலும் தலையைப் போடக்கூடாது. இதை எனக்கு ஒருவர் தெளிவாகத்தான் சொன்னார். அப்படியிருந்தும் போட்டேன், அதுவும் ஊர்பேர் தெரியாத ஒரு வெள்ளைக்காரரின் வீட்டு அத்திவாரத்துக்குள்.

சொன்னவர் தவம் அண்ணை. எண்பதுகளின் நடுப்பகுதியில், கனடாவில் பிரெஞ்சு பேசும் பக்கம், நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற இடத்தில் ஒரே அறையில் ஐந்து பேர் இருந்தோம். அவர்தான் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் தான் செய்த வீடு கட்டும் வேலைக்கு என்னையும் கூட்டிப்போனார். முதலாளி ஜில், பெரிய மீசைக்காரர். அத்திவாரம் இன்ஸ்பெக்டரின் சோதனையில் தேறினால் என்னை நிரந்தரமாக்கிக் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்தக் கடிதம் கிடைத்தால்தான் யாழ்ப்பாணத்தில் இருந்த மனைவியைக் கூப்பிட வழி பிறக்கும்.

கனடாவில் நான் கைவைத்த முதல் அத்திவாரம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. கொங்கிறீற்றுச் சுவர்களுக்கு நடுவே ஆள் தவழ்ந்து போகுமளவு வெளி. அதன் மண்மேல் பொலித்தீன் விரித்து, ஓரமெல்லாம் ஒட்டி, ஈரமும் காற்றும் புகாமல் மூடிவிட வேண்டும். எல்லாம் சரி. ஆனால் நல்ல நேரம் பார்க்கவில்லை, தேங்காய் உடைக்கவில்லை, நவதானியம் போடவில்லை. இப்படிக் கட்டினால் வீட்டுக்காரர் உருப்படுவாரா?

அந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன் (ஒருவரும் தரவில்லை). ஒன்பதில் ஐந்து தானியந்தான் இந்தியக் கடையில் அகப்பட்டது. மிச்சத்துக்கு தெருமூலையிலிருந்த டெப்பனர் என்ற சில்லறைக் கடையில் கிளித் தீன் ஒரு பெட்டி. ஒருவரும் பார்க்காத நேரம் மண்ணில் தூவி, அரைப்போத்தல் பாலும் தெளித்து, கும்பிட்டுவிட்டுப் பொலித்தீனை ஒட்டினேன். ஜில் வந்து பார்த்து முதுகில் தட்டினார். எனக்கு நெஞ்சு விம்மியது.

இரண்டு கிழமையில் இன்ஸ்பெக்டர் டோர்ச்சோடு உள்ளே தவழ்ந்தார். ஒரு அலறல் கேட்டது. அடுத்து ஜில் போனார். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

பயறு, கடலை, கிளி தின்ன வேண்டிய சூரியகாந்தி எல்லாம் வெளிறிய மஞ்சளில் முளைத்து, பொலித்தீனைக் கூடாரம்போல் தூக்கி நின்றன. ஓரத்தில் ஒட்டிய இடமும் கிளம்பியிருந்தது.

"என்னடாப்பா இது?" என்றார் தவம் அண்ணை.

"நவதானியம் அண்ணை. வீடு நல்லா இருக்கவேணுமெண்டு போட்டனான்."

"ஐயோ, இதை நான் எந்தப் பிரெஞ்சில சொல்லுறது?"

அவர் ஜில்லிடம் ஏதோ சொன்னார். ஜில்லின் மீசை துடித்தது. கோபமா, சிரிப்பா? என் மனைவியின் விமானம் அந்த மீசையில்தான் தொங்கியது. கடைசியில் அவர் என்னையும் பொலித்தீனையும் மாறி மாறிக் காட்டினார். பிடுங்கு, திரும்ப ஒட்டு, தனியாக.

மூன்று நாள் வயிற்றால் ஊர்ந்து ஒவ்வொரு முளையாகப் பிடுங்கினேன். இரண்டாம் சோதனை தேறியது. கடிதமும் வந்தது: "கடும் உழைப்பாளி. நிரந்தர வேலை உண்டு. தோட்ட வேலையும் தெரிந்தவர்." அதன் பிரதி ஒன்றைப் பெருமையாக மனைவிக்கும் அனுப்பிவைத்தேன் (அது அடுத்த பிழை).

விமான நிலையத்தில் அவள் கேட்ட முதல் கேள்வி, "எங்கயப்பா உங்கட தோட்டம்?"

ரொக்ஸ்பரோவில் நாங்கள் வீடு வாங்கியபோது, என் காற்சட்டைப் பைகளைத் தடவிப் பார்த்த பிறகுதான் உள்ளே விட்டாள். போன வருடம் மகள் வீடு வாங்கினாள். வாசலில் என்னை நிறுத்தி, "அப்பா, பொக்கெட்டைக் காட்டுங்கோ" என்றாள்.