மீட்சி மதிப்பெண் தொண்ணூற்றாறு

மனிதன் ஓடினால் களைத்துப் போவான் என்ற உண்மை, விளையாட்டுத் திறன் மேம்பாட்டுத் துறையின் அதிகாரபூர்வமான கவனத்துக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு. அதுவரை துறை அதை வாய்மொழியாகக் கேள்விப்பட்டிருந்ததே தவிர, எழுத்து மூலமாக யாரும் தெரிவித்திருக்கவில்லை.

தெரிவித்தவர் இயக்குநர். பன்னிரண்டு நாள் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்திருந்தார். போகும்போது சாதாரண மனிதராகத்தான் போனார். வரும்போது 'மீட்சி' என்ற சொல்லோடு வந்து இறங்கினார். ஓடுவது ஒன்றும் பெரிய காரியம் இல்லையாம். ஓடிய பிறகு உடம்பு பழைய நிலைக்குத் திரும்புகிறதே, அதுதான் விஞ்ஞானமாம். இதைச் சொல்லும்போது இடது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். கறுப்பாக ஒரு சாதனம் இருந்தது. பார்த்தால் கைக்கடிகாரம், ஆனால் மணி மட்டும் காட்டாது. கடிதப் போக்குவரத்தில் அதற்கு 'மீட்சிமானி' என்று பெயர். மற்ற நேரங்களில் வாட்ச்.

அன்று மாலையே சுற்றறிக்கை வந்துவிட்டது. "நெடுந்தூர ஓட்ட வீரர், வீராங்கனையர் அனைவரும் இருபத்து நான்கு மணி நேரமும் மீட்சிமானி அணிந்திருத்தல் வேண்டும். மீட்சி மதிப்பெண் நூற்றுக்கு எழுபதுக்குக் குறைவாக உள்ளோர் ஓடுதளத்தில் கால் வைத்தல் கூடாது. மேற்படி கோட்பாடு அலுவலகப் பணியாளர்க்கும் பொருந்தும்." கடைசி வரியின் பொருள் யாருக்கும் சரியாக விளங்கவில்லை. விளங்கின வரைக்கும் எல்லோருக்கும் பிடித்திருந்தது. கோப்பில் கையெழுத்துப் போட்ட கைக்கு இருபது நிமிடம் ஓய்வு என்று பிரிவுக்குப் பிரிவு முடிவாயிற்று. நடைபாதையில் ஐஸ் தண்ணீர்த் தொட்டி ஒன்று வந்து இறங்கியது. ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து களைத்தவர்கள் அதில் காலை வைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குக் காத்திருந்தார்கள்.

இந்தக் கொந்தளிப்பு எதுவும் கீழ்த்தளத்துப் பதிவறையை எட்டவில்லை. அங்கே இருந்தவரை அலுவலகத்தில் எல்லோரும் 'ஆணி' என்பார்கள். அடித்த இடத்தில் நிற்கிற மனிதர். இருபத்தாறு வருஷமாக ஒரே நாற்காலி. யாராவது பழைய கோப்பு கேட்டு வந்தால், "மூணாவது அலமாரி, நாலாவது தட்டு, சிவப்பு நாடா. நீங்களே எடுத்துக்கோங்க" என்பார். ஒரு நாளும் தப்பாகச் சொன்னதில்லை, ஒரு நாளும் எழுந்து எடுத்துக் கொடுத்ததும் இல்லை.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில்தான் துறையிலேயே மிக வேகமான இரண்டு கால்கள் குடியிருந்தன. அவருடைய அக்கா மகள், பத்தாயிரம் மீட்டர் ஓடுகிறவள். மைதானம் பக்கத்தில் இருக்கிறதே என்று பதினாறு வயதில் மாமா வீட்டுக்கு வந்தாள். பத்து வருஷமாக விடிவதற்குள் எழுந்து ஓடிக்கொண்டிருக்கிறாள். ஆறு வாரத்தில் தேர்வுப் போட்டி. முதலாவதாக வந்தால் வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். இருபத்தேழு வயதைத் தாண்டினவர்களைத் துறை அனுப்பாது. ஆகவே அவளுக்கு மிஞ்சி இருந்தது இந்த வருஷமும் அடுத்த வருஷமும்தான்.

வாட்ச் அவளுக்கு முதல் நாள் போட்ட மதிப்பெண் முப்பத்தொன்று. இயக்குநர் அவளையும் பயிற்சியாளரையும் கூப்பிட்டு அனுப்பினார். பெண்ணின் பாதுகாவலர் என்ற முறையில் ஆணியும் வரவழைக்கப்பட்டு, மூன்று மாடி ஏறி, வாசற்படியோரம் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"முப்பத்தொண்ணு. பாஸ் மார்க்கே இல்லையேம்மா" என்றார் இயக்குநர்.

"நேத்து இருபத்தஞ்சு கிலோமீட்டர் ஓடினேன் சார். அதான் குறைஞ்சிருக்கு."

"பாத்தீங்களா, அதுதான் தப்பு."

பயிற்சியாளர் குறுக்கே புகுந்தார். "சார், உடம்பைக் கொஞ்சம் களைக்க வெச்சாத்தான் அது முன்னைவிட பலமா திரும்பி வரும். பயிற்சின்னாலே அதுதான் சார்."

"அப்போ நீங்க களைப்பை ஆதரிக்கிறீங்க?"

"ஆதரிக்கல சார். ஓடினா அது வரத்தானே செய்யும்."

"என் துறையில வராது."

அக்கா மகள் பொறுமையாகக் கேட்டாள். "சார், ஓடினா நம்பர் குறையுது. ஓடாம இருந்தா ஏறுது. இப்ப நான் என்ன செய்யணும்?"

"எழுபது வர்ற வரைக்கும் ஓடக் கூடாது."

"எழுபது வந்ததும்?"

"தாராளமா ஓடலாம். யாரு தடுக்கப் போறா?"

"ஓடினா மறுபடி முப்பதாயிடுமே சார்."

"ஆயிடுச்சுன்னா உடனே நிறுத்திடணும். இதுல என்னம்மா குழப்பம்?"

பயிற்சியாளர் அடுத்த வாரமே சதுரங்கப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். குதிரை எப்படிப் போகும் என்றுகூட அவருக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் அக்கா மகள் ஓட்டக் காலணியைத் துடைத்து, பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஆணிக்கு அவள்மேல் உயிர். பிள்ளை குட்டி இல்லாத மனிதர். வீட்டில் பேச்சுத் துணை என்றால் அவள் ஒருத்திதான். அவள் அழுதிருந்தால்கூடச் சமாளித்திருப்பார். அழாமல் உட்கார்ந்திருந்ததைத்தான் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"கழட்டிக் குடு" என்றார்.

"எதை மாமா?"

"அந்த வாட்சைத்தான். நான் கட்டிக்கிறேன். நீ பாட்டுக்குப் போய் ஓடு."

"கண்டுபிடிச்சுட்டா?"

"மேல இருக்கறவங்க நம்பரைத்தான் பார்ப்பாங்க. ஆளை என்னைக்குப் பார்த்தாங்க?"

இருபத்தாறு வருஷ சர்வீஸில் அவர் தாமாக முன்வந்து செய்த முதல் காரியம் அது.

மறுநாள் முதல் அவள் ஊருக்கு வெளியே நீர்த்தேக்கத்தைச் சுற்றிப் போகும் சாலையில் ஓடினாள். அவர் பதிவறையில் உட்கார்ந்திருந்தார். முதல் நாள் எண்பத்துநான்கு. மூன்றாம் நாள் தொண்ணூற்றொன்று. வாரக் கடைசியில் தொண்ணூற்றாறு.

மூன்றாவது மாடி ஆடிப்போய்விட்டது. உலகத்தில் எந்த வீராங்கனைக்கும் இப்படி ஒரு மதிப்பெண் வந்ததில்லை என்று இயக்குநர் சொன்னார். வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போட்டு நடைபாதையில் மாட்டினார்கள். வெளி அலுவலகங்களிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். "கவனிங்க. காலையில பதினொண்ணரைக்கு ஒரு ஆழ்ந்த உறக்கம், மதியம் மூணு மணிக்கு இன்னொண்ணு. ஒரு நாள்கூடத் தவறல. என்ன ஒழுக்கம்!" என்று இயக்குநர் குச்சியால் தொட்டுத் தொட்டு விளக்கினார். கீழ்த்தளத்தில் அந்த ஒழுக்கம் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டிருந்தது.

தேர்வுப் போட்டி அன்று, ஓடும்போதும் மீட்சிமானி கையில் இருக்க வேண்டும் என்று விதி. காலையில் ஆணி அதைக் கழற்றி அவள் கையில் கட்டிவிட்டார். கட்டும்போது அவருக்கே கண் கலங்கியது. மைதானத்துக்கும் போய், படிக்கட்டின் உச்சி வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தார்.

மொத்தம் இருபத்தைந்து சுற்று. பதினெட்டாவது சுற்றிலேயே மற்றவர்களை அவள் பின்னால் தள்ளிவிட்டாள். இருபத்துமூன்றாவது முடியும்போது எண்பது மீட்டர் முன்னே போய்க்கொண்டிருந்தாள். ஆணி எழுந்து நின்றே விட்டார். அப்போதுதான் அபாயச் சங்கு அலறியது.

வாட்சைக் குறை சொல்ல முடியாது. ஐந்து வாரமாக அதற்குத் தெரிந்த ஆளுக்கு, கோப்பு எங்கே என்று யாராவது கேட்டால்தான் நாடித்துடிப்பு கொஞ்சம் ஏறும். அப்பேர்ப்பட்ட ஆளுக்கு இப்போது நிமிடத்துக்கு நூற்றெண்பத்தைந்து. அது அறிந்த வரையில் அந்த மனிதருக்கு இது கடைசி நேரம். கட்டுப்பாட்டு அறைத் திரையில் சிவப்பு எழுத்தில் 'உடனடி உயிராபத்து' என்று வந்தது.

மீட்சிப் பணிக்குழுவினர் நான்கு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடுதளத்தில் குதித்தார்கள். அரைச் சுற்று துரத்திப் பார்த்தார்கள், பிடிக்க முடியவில்லை. பிறகு விஞ்ஞானபூர்வமாக யோசித்து, எப்படியும் அவளே திரும்பி வந்தாக வேண்டிய இடத்தில் குறுக்கே நின்றுகொண்டார்கள். முடிவுக்கோட்டுக்கு முந்நூறு மீட்டர் இருந்தது.

"விடுங்க சார்! எனக்கு ஒண்ணும் இல்ல!"

"உங்களுக்குத் தெரியாதும்மா. நீங்க சாகக் கிடக்கறீங்க."

"நான் ஓடிட்டிருக்கேன் சார்!"

"அதான் அறிகுறியே."

நான்கு பேரும் சேர்ந்து அவளைப் படுக்கவைத்துப் பட்டையால் கட்டினார்கள். மற்ற ஓட்டக்காரிகள் ஒவ்வொருத்தியாக அவளைத் தாண்டிப் போனார்கள். ஆணி படிக்கட்டில் தடதடவென்று இறங்கி, வேலியைத் தாண்டி, வேட்டுக் கேட்ட மாடு மாதிரி ஓடிவந்தார். அவர் வந்து சேர்ந்தபோது அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டு, காதுக்குள் கண்ணீர் வழியப் படுத்திருந்தாள். "மாமா, முந்நூறு மீட்டர்தான் மாமா" என்றாள்.

விசாரணைக் குழு உட்கார்ந்தது. முதல் அமர்விலேயே ஆணி எழுந்து உண்மையைக் கொட்டிவிட்டார். வேலை போனால் போகட்டும் என்று துணிந்துதான் பேசினார்.

"அந்தத் தொண்ணூத்தாறு என்னோடது சார். வாட்சைக் கட்டிக்கிட்டது நான்தான். பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. அவளைத் திரும்ப ஓட விடுங்க."

இயக்குநர் மேசையைச் சுற்றி வந்து, ஆணியின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த உடம்புதானா அது?" என்றார் பக்தியோடு.

"சார், நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்."

"அதைத்தான் நாங்க இத்தனை நாளா தொண்டை கிழியச் சொல்லிட்டிருக்கோம்!"

அறிக்கை இரண்டு பக்கத்தில் முடிந்தது. மேற்படி வீராங்கனை ஐந்து வார காலம் அனுமதியின்றி இரகசியமாகப் பயிற்சி செய்திருக்கிறார். அவர் ஓடிய வேகமே அதற்குப் போதுமான சாட்சி. ஆகவே ஓராண்டு தடை. மேற்படி பதிவறை எழுத்தரோ எவ்விதப் பயிற்சியும் இன்றி, சொந்த முயற்சியில் தொண்ணூற்றாறு எடுத்திருக்கிறார்; அவர் மீட்சித் தலைமை அலுவலராக நியமிக்கப்படுகிறார். பதவியில் நீடிக்க மதிப்பெண் எழுபதுக்குக் குறையாதிருத்தல் வேண்டும்.

"வேண்டாம்னு சொல்லிடவா?" என்று வீட்டில் அக்கா மகளைக் கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார்: "நான் மேல போனாத்தான் அடுத்த வருஷம் உனக்கு நல்லதும்மா. உள்ளே நம்ம ஆளு ஒருத்தர் வேணும்ல?"

"சரி மாமா" என்றாள்.

மூன்றாவது மாடியில் இரண்டு ஜன்னல் வைத்த அறை. வாசலில் பலகை. கூட்டம், கருத்தரங்கம், சிறப்புரை. 'அசையாமையின் அறிவியல்' பற்றி வாரத்துக்கு நான்கு ஊர் போய்ப் பேசினார். பத்திரிகையில் படம் வந்தது. அதைப் பார்த்துவிட்டு ஊரில் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்களெல்லாம் பாதி வழியில் பெஞ்சில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பார்க்க ஆரம்பித்தார்கள். ஆணியோ இறக்கை கட்டிப் பறந்துகொண்டிருந்தார். விளைவு, எழுபத்துநான்கு, எழுபத்தொன்று, அறுபத்தெட்டு. பதறிப் போய் இயக்குநரிடம் ஓடினார்.

"இதுக்குப் போயா?" என்று இயக்குநர் சிரித்தார். "வாட்சைப் பதிவறைக்கு அனுப்பிடுங்க. என்னோடது எட்டு மாசமா அங்கதான் இருக்கு."

பதிவறையில் ஆணியின் இடத்துக்கு வழுக்கைத் தலையாக ஒருவர் வந்திருந்தார். ஓய்வுபெற மூன்று வருஷம் பாக்கி. நல்ல கனம்.

தடை முடிந்த மறுநாள் அக்கா மகள் மூன்றாவது மாடிக்கு வந்தாள். வயது இருபத்தேழு, துறை அனுப்பக்கூடிய கடைசி வருஷம். மதிப்பெண் இருபத்தெட்டு.

"மாமா, நேத்து முப்பது கிலோமீட்டர். இதுக்கு முன்னால இவ்வளவு நல்லா ஓடினதே இல்ல. இந்தத் தடவை மட்டும்..."

"ஆபீஸ்ல சார்னு கூப்பிடும்மா" என்றார். அவள் முகத்தைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு, "வா, கீழே போவோம்" என்று தாமே கூட்டிக்கொண்டு போனார்.

பதிவறைக்காரர் இரண்டு கையையும் மேசைமேல் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வாட்ச். கணுக்காலிலும் இருந்தது.

"இவளோடதையும் கட்டிக்கோங்க" என்றார் ஆணி.

"துளி இடம்கூட இல்ல சார். வலது கை முழுக்க மேலிடம். இடது கை உங்க பிரிவு. கால்ல இருக்கறது விசாரணைக் குழுவோடது. யாரோடதையாவது கழட்டினா இந்தப் பொண்ணுக்கு இடம் கிடைக்கும். யாரோடதைக் கழட்டட்டும், சொல்லுங்க?"

இடது கையில் மூன்றாவது ஆணியுடையது. தொண்ணூற்றேழு காட்டியது. கழற்றிக் கட்டிக்கொண்டால் சாயங்காலத்துக்குள் அறுபதுக்கு இறங்கிவிடும். ஆணி அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். அக்கா மகள் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காத்திருப்போர் பட்டியல்ல பேர் எழுதிக்கோங்க" என்றார்.

பதிவறைக்காரர் கனத்த கையால் பதிவேட்டைப் புரட்டினார். "நாற்பத்து மூணாவது. வர ஒண்ணரை வருஷம் ஆகும். அப்புறம் சார், பரிந்துரை செய்யறவருக்கு என்ன உறவுன்னு ஒரு கட்டம் இருக்கு. என்னன்னு போடட்டும்?"

ஆணி யோசித்தார். இந்த ஒரு வருஷத்தில் நேர்மையான அதிகாரி என்று நல்ல பேர் எடுத்திருந்தார்.

"உறவு எதுவும் இல்லைன்னு போடுங்க. நாளைக்கு யாரும் சலுகை காட்டினேன்னு ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது பாருங்க."

அக்கா மகள் பேனாவை வாங்கி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.