ஒன்பதாம் வீட்டுக்கு ஆள் போட்ட விவரம்

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய நம் வார்டு கவுன்சிலர் தம்பி அவர்களுக்கு, மூன்றாவது பிளாக், இரண்டாம் மாடி, ஒன்பதாம் வீட்டுக் கிழவி பணிவோடு எழுதிக்கொள்வது. முழங்கால் இரண்டையும் விட்டுவிட்டுப் பார்த்தால் நான் நலம். போன கூட்டத்தில் உங்களுக்குத் தொண்டை கட்டியிருந்தது. இப்போது சரியாகியிருக்கும் என்று நம்புகிறேன். சரியாகாவிட்டால் பேச்சைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளவும்.

விஷயத்துக்கு வருமுன், இதெல்லாம் ஆரம்பித்த முதல் கூட்டத்தன்று கூடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன். நாளைக்கு ஒருவரும் "நான் அங்கே இல்லவே இல்லை" என்று கையை விரிக்கக் கூடாது. மழை விட்ட மறுநாள், செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. நீங்கள் இருந்தீர்கள், நீலச் சட்டை, இடது கையில் பொத்தான் இல்லை. உங்கள் ஆபீஸ் கிளார்க் இருந்தார். பையில் இரண்டு பேனா வைத்துக்கொண்டு, கேட்டவர்களுக்கு ஒன்றைக்கூடத் தராதவர். போட்டோக்காரர் இருந்தார், அவர் எடுத்த படத்தில் என் முழங்கை மட்டும் விழுந்திருக்கிறது. காது கேளாத பெயிண்டர் இருந்தார். நீங்கள் பேசுவதை அவருக்குக் கையால் சொல்ல நீங்கள் வரவழைத்த பெண்ணும் இருந்தாள். சக்கர நாற்காலியில் ஒரு பெண் இருந்தாள். அவளுக்காக வாசலில் சரிவு போடச் சொல்லி, சிமெண்ட் காயும்வரை நீங்களே நின்று நாயை விரட்டினீர்கள். நல்லதைச் சொல்லாமல் விடுகிறவள் இல்லை நான். ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் இருந்தார், தூங்கினார். எதிர் வீட்டுத் தையல்காரி இருந்தாள், என் பக்கத்து நாற்காலியில். ஃபேன் காற்றுக்காக வந்தவர்கள் எட்டுப் பேர், அவர்களை விட்டுவிடலாம். கடைசியாக நான்.

நீங்கள் எழுந்து, "இனிமே நம்ம வார்டுல தனியா இருக்கேன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது, எல்லாரையும் சேத்துக்கணும்" என்றீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். பெயிண்டர் கையைத் தூக்கி ஆட்டினார், அதுதான் அவர் தட்டுவதாம். பிறகு கிளார்க் இரண்டு விதமான காகிதம் கொடுத்தார். வெள்ளைக் காகிதம், நான் போய் யாரையாவது பார்க்கத் தயார் என்பதற்கு. பச்சைக் காகிதம், என்னை யாராவது வந்து பார்க்க வேண்டும் என்பதற்கு. பெயர் போடக் கூடாது, ரகசியம், வீட்டு எண் போதும் என்றார். என்ன ரகசியம் தம்பி? பச்சைக் காகிதத்தைக் கையில் எடுத்தாலே நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்புக்கு மேல் போகாதவள், ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே. தையல்காரி வேறு கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் "எனக்கு ஆள் வேண்டும்" என்று எழுதிக் கொடுப்பேனா? "எனக்கென்ன, நான் நாலு பேரப் போய்ப் பாக்கறேன், எழுதிக்கோங்க" என்று எல்லோர் காதிலும் விழும்படி வெள்ளைக் காகிதத்தைக் கொடுத்தேன். அப்புறம் கூட்டம் கலைந்து எல்லோரும் தேநீருக்குப் போனபோது, பச்சைக் காகிதம் ஒன்றை எடுத்து, நான்காக மடித்து, பெட்டியில் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல பிஸ்கட் எடுத்துக்கொண்டேன். நான் செய்தது இதுதான். மற்றதெல்லாம் உங்கள் ஆபீஸ் செய்தது.

ஒன்பது நாள் கழித்துச் சீட்டு வந்தது. பார்க்கப் போகிறவர்: மூன்றாவது பிளாக், வீடு ஒன்பது. பார்க்கப்படுகிறவர்: மூன்றாவது பிளாக், வீடு ஒன்பது. வியாழன்தோறும் நான்கு மணி. சீட்டைத் தலைகீழாகக் கூடப் பிடித்துப் பார்த்துவிட்டேன், அப்போது இரண்டு ஒன்பதும் சேர்ந்தே ஆறாயின. இரண்டு பஸ் மாறி உங்கள் ஆபீசுக்குப் போனேன். கிளார்க் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்குத்தான் ஆள் போட்டாச்சே பாட்டி" என்றார்.

"யாரப்பா அந்த ஆள்?"

"வீடு ஒன்பது."

"வீடு ஒன்பது நான்தானே?"

"அப்போ ரொம்ப வசதியாப் போச்சு, படி ஏற வேண்டாம்."

கம்ப்யூட்டர் தூரத்தைப் பார்த்துத்தான் ஜோடி சேர்க்குமாம். யார் யாருக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்களைச் சேர்த்துவிடுமாம். எனக்கு என்னைவிடப் பக்கத்தில் ஒருத்தரும் இல்லை என்று அதற்கு எப்படித் தெரிந்ததோ. சரி, வேறு ஆளைப் போடு என்றேன். அதற்கு, போட்ட ஆள் வரவில்லை என்று புகார் எழுதிக் கொடுத்தால்தான் மாற்ற முடியுமாம்.

"வரலன்னு எப்படிப்பா எழுதுவேன்? நான்தான் வீட்டை விட்டு எங்கயும் போறதில்லையே, எப்பவும் வந்தபடிதானே இருக்கேன்."

"அப்போ புகார் இல்லன்னு போட்டுக்கறேன். அடுத்தவங்க வாங்க."

அந்தக் கோபத்தில்தான் தம்பி, உங்கள் ஆபீசுக்கு ஒரு பாடம் கற்பிக்க வேண்டும் என்று, அவர்கள் சொன்னதை அப்படியே செய்தேன். முதல் வியாழக்கிழமை நல்ல புடவை உடுத்திக்கொண்டு, கதவைப் பூட்டி, படிக்கட்டு வரை போய்த் திரும்பி வந்து, என் வீட்டு மணியை நானே அடித்தேன். யாரும் திறக்கவில்லை. திறக்க மாட்டார்கள் என்று தெரியும், ஆனாலும் இரண்டு நிமிடம் நின்றேன். ஒரு வயசானவள் படி ஏறி வந்து நிற்கிறாள், கதவைத் திறக்க எவ்வளவு நேரம், என்ன திமிர் இவளுக்கு என்று நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. சாவி போட்டுத் திறந்து உள்ளே போனால், வீடு கிடந்த கோலத்தைப் பார்த்து இன்னும் கோபம். வருகிறவர்களுக்குக் கொடுக்க வேண்டாமா, தேநீர் இரண்டு டம்ளர் போட்டேன். ஒன்றைச் சூடாகக் குடித்தேன், இன்னொன்றை ஆறியபின் குடித்தேன். பிறகு உங்கள் ஆபீஸ் கொடுத்த படிவத்தை நிரப்பினேன். சாப்பிட்டாரா? சாப்பிட்டதாகச் சொல்கிறாள், நம்பவில்லை. மனநிலை? முறைப்பு. எவ்வளவு நேரம் பேசினீர்கள்? ஒன்றேகால் மணி. வேறு தேவை உண்டா? இந்த இடத்தில் நிறைய எழுதியிருந்தேன், கோடு பத்தாமல் பின்பக்கமும் எழுதினேன். ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை என்பது பதில் வராததிலேயே தெரிந்துவிட்டது.

இரண்டு வாரத்தில் கோபம் போய்ப் பழக்கம் வந்துவிட்டது. புதன்கிழமையே வீட்டைப் பெருக்கி வைப்பேன். பேச்சும் சும்மா இல்லை. என் கல்யாணத்தில் என் நாத்தனார் பந்தியில் என்னைத் தாண்டிப் போய் அடுத்தவளுக்குப் பரிமாறியதில் ஆரம்பித்து, வரிசையாகச் சொல்வேன். அவளும் எல்லாம் தெரிந்தவள் மாதிரி, "அது மட்டுமா, அதுக்கு முந்தின நாள் என்ன சொன்னா, ஞாபகம் இருக்கா?" என்று எடுத்துக் கொடுப்பாள். சில நாள் சிரிப்பு வந்துவிடும். சில நாள் சண்டை. எனக்கு ஒரு பேத்தி இருக்கிறாள், வெளியூரில் வேலை, ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் செய்வாள். "பாட்டி, நல்லாருக்கியா" என்பதற்குள் பஸ் வந்துவிடும். அந்த ஊர் பஸ் மட்டும் எப்படித்தான் அப்படிச் சரியான நேரத்துக்கு வருகிறதோ. அதனால் வியாழக்கிழமைப் பேச்சு எனக்குப் பெரிய பேச்சு.

ஆனால் தம்பி, நான் எழுத வந்தது அதுவல்ல, தையல்காரியைப் பற்றி. உங்கள் கூட்டத்துக்கு முன்னால் அவள் வாரத்துக்கு இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள், கேட்காமல் வருவாள். ஒரு மூட்டைச் சட்டையைக் கொண்டுவந்து கட்டிலில் கொட்டி, "பெரியம்மா, பொத்தான் வெச்சுக் குடுங்க, என் கண்ணு போயே போச்சு" என்பாள். என் கண்ணைவிட அவள் கண் நல்ல கண். நான் ஊசியை நீட்டினால் அவள் நூல் கோத்துத் தருவாள், நான் பொத்தான் வைப்பேன், அவள் தன் புருஷனைத் திட்டுவாள். விளக்கு வைக்கும் நேரம் எழுந்து போவாள். இதற்கு எந்தக் காகிதமும் கிடையாது. கூட்டம் நடந்த அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் வரவில்லை. பதினான்கு வாரம்! மெஷின் ஓடும் சத்தம் கேட்கிறது, ஆள் உயிரோடுதான் இருக்கிறாள். படியில் எதிரே வந்தால், "என்ன பெரியம்மா" என்று சொல்லிவிட்டு, நான் வாயைத் திறக்குமுன் அரை மாடி இறங்கிவிடுகிறாள். நான் அவளுக்கு என்ன செய்தேன்? ஒருமுறை காலர் கோணல் என்று சொன்னேன். கோணலைக் கோணல் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது? பொத்தான் தைக்க வேறு ஆள் பிடித்திருப்பாள். பிடிக்கட்டும். அந்த ஆள் வைக்கிற பொத்தான் எல்லாம் முதல் துவையலிலேயே உருண்டு ஓடட்டும்.

இந்த நிலைமையில் போன சனிக்கிழமை நீங்கள் என்னைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் கொடுத்தீர்கள். பன்னிரண்டு வாரமும் தவறாமல் போனவர் வார்டிலேயே நான் ஒருத்திதானாம். மற்றவர்களுக்கெல்லாம் மழை, கல்யாணம், வயிற்றுவலி. நீங்கள் மைக்கை என் பக்கம் நீட்டி, "நீங்க பாக்கப் போற அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டீர்கள்.

"இருக்கா. கொஞ்சம் வாய் ஜாஸ்தி."

எல்லோரும் சிரித்தார்கள்.

"அவங்களையும் இன்னைக்குக் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"எங்க போனாலும் கூடவேதான் வர்றா தம்பி, விட மாட்டேங்குறா."

மறுபடியும் சிரிப்பு, கைதட்டல். நீங்கள் என் தோளைத் தொட்டு, "பாருங்க, இதுதான் உறவு" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னீர்கள். உங்கள் குரல் தழுதழுத்தது, அது தொண்டைக்கட்டா வேறா எனக்குத் தெரியாது. அப்போதே உண்மையைச் சொல்லியிருப்பேன். ஆனால் கடைசி வரிசையில் தையல்காரி நின்று மெதுவாகக் கை தட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழும்படி "என்னைப் பார்க்க ஒருவரும் வரவில்லை" என்று மைக்கில் சொல்வதற்குப் பதில் அந்தக் கண்ணாடிச் சட்டத்தையே நான் கடித்துத் தின்றுவிடுவேன்.

ஆகவே இப்போது எழுத்தில் சொல்கிறேன். நான் போய்ப் பார்த்தது என்னைத்தான். பத்திரத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், கண்ணாடியைத் துடைத்திருக்கிறேன். தயவுசெய்து கம்ப்யூட்டரைச் சரிசெய்து, கையும் காலும் உள்ள ஒரு ஆளை அனுப்பவும். ஆணோ பெண்ணோ, சின்னதோ பெரிதோ, எந்த வேலை செய்கிறவரானாலும் சரி, தையல் வேலை மட்டும் வேண்டாம். உங்கள் கிளார்க்கை மன்னித்துவிட்டேன், அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும். போட்டோக்காரரையும் மன்னித்துவிட்டேன், முழங்கையாவது எடுத்தாரே. எதிர் வீட்டுக்காரியை மட்டும் இந்த ஜென்மத்தில் மன்னிப்பதாக இல்லை. அவள் கூட்டத்துக்கு வந்தால் எனக்கு அடுத்த நாற்காலியை அவளுக்குத் தரக் கூடாது.

நீங்களும் உங்கள் வீட்டாரும் நோய்நொடி இல்லாமல், நிற்கிற தேர்தலில் எல்லாம் ஜெயித்து, வயதான காலத்தில் கதவு தட்டப்படும் வீட்டில் இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
மூன்றாவது பிளாக், வீடு ஒன்பது
(பார்க்கப் போகிறவரும், பார்க்கப்படுகிறவரும்)

பி.கு.: மேலே எழுதியதை அடித்துவிடவும். நான் அடிக்கலாம் என்றால் மூன்று பக்கமும் அடிக்க வேண்டும், காகிதம் கிழிந்துபோகும். கவரின் பசை ஒட்டவில்லை. வேறு வழியில்லாமல் எதிர் வீட்டுக் கதவைத் தட்டி, பசை இருக்கிறதா என்று முறைப்பாகத்தான் கேட்டேன். வாயில் குண்டூசியோடு வந்தாள், ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, "உள்ள வாங்க பெரியம்மா" என்றாள். "நான் எதுக்கு வரணும், நீதான் என் வாசலை மறந்துட்டியே" என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என் ஞாபகத்தில் ஒரு எழுத்து தப்பாது.

"நான் எங்க பெரியம்மா மறந்தேன்? அன்னைக்கு எல்லாரும் டீ குடிக்கப் போனப்ப நீங்க பச்சைக் காகிதத்த மடிச்சுப் போட்டீங்க, நான் பாத்தேன். வாரத்துல மூணு நாள் நான் வந்து உக்கார்றேன். அப்பவும் இவங்க ஆள் வேணும்னு எழுதிப் போடறாங்கன்னா, நான் ஆள் கணக்குல இல்ல போலிருக்குன்னு நெனச்சேன். அப்புறம் வியாழக்கிழமையானா உங்க வீட்டுல ஒரே பேச்சும் சிரிப்பும். ரெண்டு டம்ளர் கழுவுற சத்தம். எங்கிட்ட நீங்க அப்படிச் சிரிச்சதே இல்ல. நல்லாருக்கட்டும்னு விட்டுட்டேன்."

தம்பி, கையிலிருந்த கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் மாமியாருக்கே பதில் சொன்னவள் நான்.

"யாரு பெரியம்மா அவங்க?" என்று கேட்டாள்.

"இனிமே வர மாட்டா" என்றேன்.

"ஐயோ, ஏன்?"

"ஒத்து வரல. பேச்செல்லாம் பழசு."

அவள் பசை டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு, இந்த வாரம் பள்ளிக்கூடச் சட்டை அறுபது தைக்க வேண்டியிருக்கிறது, முடிந்தால் வருகிறேன் என்றாள். முடிந்தால் என்றால் வருவாளா, வர மாட்டாளா, எனக்குத் தெரியாது. இரண்டு டம்ளரையும் எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் புது ஆள் யாரையும் அனுப்ப வேண்டாம், அனுப்பினால் எதிர் வீட்டு மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், அவள் வர மாட்டாள். பத்திரத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடவும். கிளார்க், போட்டோக்காரர், நீங்கள், என் நாத்தனார்கூட, எல்லோரையும் மன்னித்தாயிற்று. தையல்காரியிடம் நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும், இன்னும் கேட்கவில்லை. ஒருத்தியை மட்டும் செத்தாலும் மன்னிக்க மாட்டேன்: பன்னிரண்டு வாரம் என் வீட்டுக்குள் உட்கார்ந்து, எதிர் வீட்டுக்குக் கேட்கும்படி அவ்வளவு சத்தமாகச் சிரித்தாளே, அந்த வியாழக்கிழமைக்காரியை.