டப்பா வரவழைத்த மழை

உலகத்திலேயே பட்டனை அமுக்க மறுத்த ஒரே ஆபரேட்டர் எங்கள் டப்பாதான். நாடகத்துக்கு சவுண்டு போடுகிறவர், திரையில் படம் போடுகிறவர் எல்லோரும் என்ன செய்வார்கள்? வசனம் வந்ததும் ஒரு பட்டனை அமுக்குவார்கள். இடி இடிக்கும், குழந்தை அழும், ரயில் போகும். டப்பாவைப் பொறுத்தவரை அது கேவலமான பிழைப்பு. "பட்டன அமுக்கறதுக்கு ஒரு ஆள் எதுக்கு சார்? மிக்ஸிகூட அத செய்யும்" என்பார். மிக்ஸி தன் பட்டனைத் தானே அமுக்கிக்கொள்ளாது என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

நான் காலையில் இன்ஷூரன்ஸ் ஆபீஸ், சாயங்காலம் நாடகம். மயிலாப்பூரில் எங்களுக்கு ஒரு சின்னக் குழு. எழுதுவது, இயக்குவது, வேன் பிடிப்பது, கோபித்துக்கொண்ட நடிகர்களை வீட்டுக்குப் போய் அழைத்து வருவது எல்லாம் என் தலையில். டப்பாவுக்கு ராயப்பேட்டை. கல்யாண மண்டபங்களில் எல்இடி திரை கட்டுவது தொழில். மாப்பிள்ளையும் பெண்ணும் கடற்கரையில் ஓடி வருகிற வீடியோவையே வருஷக்கணக்கில் ஓட்டி அலுத்துப்போய், கலைக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். கலை என்ன பாவம் செய்தது என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அவர் லேப்டாப்பில் ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதத் தெரிய வேண்டாம். திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். மைக்குக்கு ஒரு கட்டம், கேமராவுக்கு ஒன்று, வீடியோவுக்கு ஒன்று, சவுண்டுக்கு ஒன்று. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஒயர் மாதிரி ஒரு கோடு இழுத்துவிட்டால், இது நடந்தால் அது நடக்கும். அவ்வளவுதான் வித்தை. நாங்கள் கட்டம் என்போம், அவர் டப்பா என்பார். "இந்த டப்பா கேக்கும், அந்த டப்பாக்கு சொல்லும், அது போய் இடிய இடிக்கும். நடுவுல நாம இன்னாத்துக்கு சார்?" பெயர் அப்படி வந்ததுதான். சொந்தப் பெயரை ஒரு தடவை கேட்டேன், சொல்லவும் சொன்னார். இதுவே பொருத்தமாக இருந்ததால் அதை மறந்துவிட்டேன்.

முதல் அனுபவம் கே.கே. நகரில். மேடையில் வீட்டுக் கதவை விருந்தாளி தட்ட வேண்டும், காலிங்பெல் அடிக்க வேண்டும். டப்பா கதவுக்குப் பின்னால் ஒரு குட்டி மைக்கை ஒட்டிவைத்தார். தட்டினால் மைக் கேட்கும், கேட்டால் பெல் அடிக்கும். தட்டின சத்தமே போதுமே, அப்புறம் பெல் எதற்கு என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒயர் இழுத்தாகிவிட்டது, இனிமேல் பேசிப் பிரயோஜனமில்லை என்றார். அன்றைக்குப் பார்த்து, செட் சாய்கிறது என்று மேடைக்குப் பின்னால் ஒருவர் ஆணி அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு பெல். கணவனாக நடித்தவர் பழம் தின்று கொட்டை போட்ட ஆள். ஒவ்வொரு தடவையும் எழுந்து போய்க் கதவைத் திறந்து பால்காரனைத் திட்டினார், கூரியருக்குக் கையெழுத்துப் போட்டார், கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். சிலிண்டர் கண்ணுக்குத் தெரியாததால் உருட்டுவது சுலபமாக இருந்தது. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் எழுதின வசனத்துக்கு யாரும் அப்படிச் சிரித்ததில்லை. டப்பா அந்தச் சிரிப்பு முழுவதையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டார்.

அதற்கப்புறம் "சரிங்க" என்று ஒரு நாடகம் எழுதினேன். புருஷன் எது சொன்னாலும் "சரிங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டு நாடகம் முழுக்க நடமாடுகிற ஒரு மனைவி, கடைசிக் காட்சியில்தான் வாயைத் திறந்து பேசுவாள். அந்தப் பேச்சுக்காகத்தான் நாடகமே. மனைவியாக நடித்தவர் சுதா மேடம். அடையாறில் ஒரு பேங்கில் வேலை. பேங்க் முடிந்து, பஸ் பிடித்து, ஒத்திகைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார். டப்பாவைக் கண்டால் அவருக்கு ஆகாது. எதை மிதித்தால் எது சத்தம் போடுமோ என்று மேடையில் காலைப் பார்த்துப் பார்த்து வைப்பார்.

அந்த நாடகத்தில் சுவரில் மாலை போட்ட மாமனார் படம் ஒன்று தெரிய வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான். டப்பா அதை ப்ரொஜெக்டரில் போட்டு, அதை ஒரு கேமராவோடு இணைத்து, வெள்ளை வேட்டி கட்டின புருஷன் எங்கே நடந்தாலும் அவன் அப்பா படமும் சுவரில் கூடவே நகரும்படி செய்துவிட்டார். மகனுடைய மனசாட்சியாம். ஒத்திகையில் நன்றாகத்தான் இருந்தது. மயிலாப்பூர் சபாவில் நாடகம் போட்ட அன்று, இடைவேளையில் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு கேன்டீனுக்குப் போண்டா சாப்பிடப் போய்விட்டார். சபா செயலாளர் ஒரு பிரமுகருக்குப் பொன்னாடை போர்த்த மேடை ஏறினார். வெள்ளை வேட்டி. மாலை போட்ட படம் மெதுவாக ஊர்ந்து வந்து அவர் தலைக்கு நேர் மேலே நின்றது. அவர் இடது பக்கம் போனார், அதுவும் போயிற்று. மைக்குக்கு வந்தார், கூடவே வந்தது. முதல் வரிசையில் இருந்த அவர் மனைவி கண்ணை மூடிக்கொண்டு ஸ்லோகம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அப்புறம் நான் டப்பாவைப் பிடித்து உலுக்கியபோது, வாயில் போண்டாவோடு, "மனசாட்சி சார் அது. எல்லார்கிட்டயும் போவும்" என்றார். அடுத்த வாரம் செயலாளர் வீட்டில் ஹோமம் நடந்ததாகக் கேள்வி.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. நிஜமான கஷ்டம் வேறு. நம் சபா ரசிகர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைசிக் காட்சிக்கு விளக்கு வந்ததும் எழுந்துவிடுவார்கள். நாடகம் பிடிக்காமல் இல்லை. கொஞ்சம் முன்னால் போனால்தான் காரை வெளியே எடுக்கலாம், ஆட்டோ கிடைக்கும், கேன்டீனில் ரவா தோசை தீராமல் இருக்கும். முதலில் சாவிக்கொத்து சத்தம் வரும், அப்புறம் நாற்காலி மடங்குகிற சத்தம். சுதா மேடம் வாயைத் திறக்கும் நேரத்துக்கு எதிரே நாற்காலிகளும் நாலைந்து தூங்குகிறவர்களும் மட்டும் இருப்பார்கள். எல்லா ஷோவிலும் இதே கதை.

ஒருநாள் ஒத்திகை முடிந்ததும் அவர் என்னிடம் வந்தார். "நாடகம் முழுக்க சரிங்க சரிங்கன்னு சொல்லிட்டு, பேச வேண்டிய இடத்துல கேக்கறதுக்கு ஆளே இல்லன்னா எப்படி சார்? வீட்லதான் நான் பேசறத யாரும் கேக்கறதில்ல. இங்கயுமா?" அடுத்த ஷோவிலும் இப்படியே ஆனால் நிறுத்திக்கொள்கிறேன் என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். நாளைக்கு லீவு என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார். அந்த வேஷத்துக்கு எனக்கு வேறு ஆள் கிடையாது. கிடைத்தாலும் வேண்டியதில்லை.

மூலையில் கேபிள் சுற்றிக்கொண்டிருந்த டப்பாவும் அதைக் கேட்டார். அப்புறம் கொஞ்ச நாள் ஆளையே காணோம், போனையும் எடுக்கவில்லை. அடுத்த ஷோவுக்கு முன்னால் முகமெல்லாம் பல்லாக வந்து நின்றார். ஹாலைப் பார்த்து ஒரு கேமரா வைக்கப் போகிறார். உட்கார்ந்திருப்பவர் யார், எழுந்தவர் யார் என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கடைசிக் காட்சியில் யாராவது எழுந்தால், வாசல் பக்கத்து ஸ்பீக்கரில் மழை சத்தம் வரும். நிறையப் பேர் எழுந்தால் நிறைய மழை. "மழ பேஞ்சிகினு இருந்தா எவன் சார் வெளிய போவான்? குந்திகினு மேடம் பேசறத கேப்பான்" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. எதில் என்ன ஆபத்து வரும் என்று யோசிப்பதற்காகவே மாதாமாதம் சம்பளம் வாங்குகிறவன் நான். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

அதே மயிலாப்பூர் சபா, ஹால் நிறைந்த கூட்டம். பங்குனி மாசம், வானத்தில் ஒரு பொட்டு மேகம் கிடையாது. கடைசிக் காட்சிக்கு விளக்கு வந்தது, சுதா மேடம் மேடை நடுவில் வந்து நின்றார். சாவிக்கொத்து சத்தம் கேட்டது. மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்தார். வாசல் பக்கம் சிறுதூறல் ஆரம்பித்தது. அவர் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். தூறல் நின்றது. ஹால் கோடியில் இருந்த டப்பா எனக்குக் கட்டைவிரலைக் காட்டினார். நானும் காட்டினேன்.

அடுத்து நாலு பேர் எழுந்தார்கள், மழை கொஞ்சம் வலுத்தது. யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், சப்வேல தண்ணி ரொம்பிடுமே என்றார். அவ்வளவுதான். ஒரு பெண்மணி, "ஆத்துல மாடிக் கதவு தொறந்து கிடக்குண்ணா" என்று கணவரை இழுத்தார். வேளச்சேரிக்காரர் ஒருவர் காரை மேட்டில் நிறுத்தச் சொல்லி டிரைவருக்குப் போன் போட்டார். வெள்ளத்தில் ஒரு தடவை அடிபட்ட ஊர் இது. இந்த ஊர்க்காரன் மழை சத்தம் கேட்டால் உட்கார மாட்டான், ஓடுவான். அந்த வெள்ளத்தில் ராயப்பேட்டையில் முழங்கால் தண்ணீரில் நின்ற டப்பாவுக்கும் அது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எழுந்தவர்களைப் பார்த்து மழை வலுத்தது, மழையைக் கேட்டு மற்றவர்கள் எழுந்தார்கள், எழுந்தவர்களைப் பார்த்து இடி இடித்தது. நான் குனிந்துகொண்டே டப்பாவிடம் ஓடினேன்.

"நிறுத்துங்க டப்பா."

"எப்டி சார் நிறுத்தறது? பட்டன் இல்லியே."

"இப்ப என்ன பண்றது?"

"அவங்கள குந்தச் சொல்லுங்க. தானா நின்னுடும்."

குந்தச் சொல்ல ஆள் மிச்சமில்லை. தூங்கிக்கொண்டிருந்தவர்களையும் தட்டி எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நிற்பவர் யாரும் இல்லாததால் மழையும் நின்றது. சுதா மேடம் இடி இடித்தபோதுகூட நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தார், காலி நாற்காலிகளுக்குப் பேசிப் பழகியவர் ஆயிற்றே. ஆனால் அந்த இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது. சத்தம் அடங்கியதும் ஒரு தடவை ஹாலைப் பார்த்தார். பிறகு முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். யாருக்காக என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

வெளியே என்ன நடந்தது என்று ஆட்டோக்காரர்கள் பிறகு சொன்னார்கள். சட்டையும் புடவையும் கலைய ஒரு கூட்டம் ஓடி வந்து, காய்ந்து கிடந்த ரோட்டில் நின்றதாம். சிலர் குடையை விரித்துப் பிடித்திருந்தார்களாம். நிலா பளிச்சென்று காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. தங்களை யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள் என்று புரிந்ததும், அது யார் என்று பார்த்துவிடுவது என்று மொத்தக் கூட்டமும் திரும்பியது. செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

கதவு திறந்ததை நாங்கள் பார்த்தோம். அவர்கள் உள்ளே வந்து நின்றால் கேமரா பார்க்கும், மறுபடி மழை கொட்டும். டப்பா என்னைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். தன் லேப்டாப்பை யாராவது தொட்டாலே அடிக்க வருகிறவர், அன்றைக்கு ஷோ நடுவில் அதைத் தன் கையால் மூடி, அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் உள்ளே நுழைந்தபோது சுதா மேடம் கணவனிடம் பேசிக்கொண்டிருந்தார். "இத்தன வருஷமா சரிங்க சரிங்கன்னு சொன்னேன். எது சரின்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா? நீங்க கேப்பீங்கன்னு பதில்கூட தயாரா வெச்சிருந்தேன். வெச்சு வெச்சு, இப்ப அது என்ன பதில்னே மறந்துபோச்சுங்க." செயலாளர் கத்துவதற்காகத் திறந்த வாயை மூடிக்கொண்டார். பின்னால் வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், நடைபாதையில் நின்றார்கள், சுவரோரம் நின்றார்கள். உட்கார்ந்தால் நாற்காலி சத்தம் போடும் என்று யாரும் உட்காரவில்லை. அத்தனை பேரும் நின்றபடியே கடைசி வரி வரைக்கும் கேட்டார்கள். முடிந்ததும் கைதட்டல் வந்தது. கைதட்டினால் வணங்க வேண்டும் என்பது சுதா மேடத்துக்கு மறந்துவிட்டது. முந்தானையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

பக்கத்தில் டப்பா என் சட்டையை இழுத்தார். "சார், மழ சவுண்டு எப்டி இருந்திச்சி?"

தத்ரூபம் என்றேன். அவருக்கு அது போதும்.

மறுநாள் செயலாளர் போன் செய்தார். அந்தம்மா பேசினதை என் சம்சாரம் இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்கிறாள், தேதி எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. அந்த டப்பா ஆசாமி சபா கேட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. செயலாளர் மேல் தப்பு சொல்ல முடியாது, நான் அவராக இருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பேன். பேசுகிற காட்சி சுதா மேடத்துடையது, அவரே முடிவு சொல்லட்டும் என்று அவரிடம் கேட்டேன்.

"தேதி வேண்டாம்னு சொல்லிடுங்க சார்" என்றார். பிறகு, "நான் பேசறத கேக்கணும்னு எனக்காக இதுவரைக்கும் யாரும் டிவி சத்தத்தக்கூட குறைச்சதில்ல. அவர் மழையே வரவழைச்சார்" என்றார்.

இப்போது கே.கே. நகரில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் போடுகிறோம். டப்பாவிடம் உண்மையைச் சொல்லவில்லை. அந்த சபாவில் பழைய நாற்காலிகளை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுகிறார்கள், அதனால் ஹால் மூடியிருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறோம். அவர் அதை அப்படியே நம்பி, புது நாற்காலி என்றால் கேமராவுக்கு எல்லாம் வேறு மாதிரி தெரியும் என்று வீட்டில் உட்கார்ந்து ஒயரையெல்லாம் மாற்றி இழுத்துக்கொண்டிருக்கிறார். எப்ப சார் தொறக்கறாங்க என்று ஒவ்வொரு ஷோ முடிந்ததும் கேட்பார். நான் முழிப்பதற்குள் சுதா மேடம் முந்திக்கொண்டு, குஷன் வெச்ச சேராம், அதான் லேட்டாகுதாம் என்பார். டப்பா தலையை ஆட்டிவிட்டு லேப்டாப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு போவார். அவர் ஸ்கூட்டர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் வாசலிலேயே நிற்போம்.